நியூ ஓர்லியன்ஸ் லொயோலா: ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் வரலாறு

மட்டக்களப்பில் கூடைப்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது புனித மிக்கேல் கல்லூரியைத் தொடாமல் போவதில்லை. மிக்கேல் கல்லூரியைத் தொட்டால் வெபர் சுவாமியையும் ஹெர்பட் சுவாமியையும் தொடாமல் போவதில்லை. 1873 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரியிலிருந்து இலங்கையின் தேசிய அணி வரை சென்றவர்கள் பலர். அவர்களுக்கும் அவர்களுக்கு முன்னிருந்தவர்களுக்கும் பந்தைக் கையில் கொடுத்துப் பழக்கியவர்கள் அமெரிக்கச் சுவாமிமார், அதாவது கத்தோலிக்கக் குருமார், என்பது இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. நகரின் நடுவே இருக்கும் மைதானமே வெபர் சுவாமியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்தச் சுவாமிமார் அமெரிக்காவின் எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள், அவர்களை அனுப்பிய சமூகம் தன் சொந்த ஊரில் இந்த விளையாட்டை எப்படி நடத்தியது, அங்கே யார் ஆட முடிந்தது, யார் ஆட முடியவில்லை என்ற கேள்விகளை நாம் அதிகம் கேட்டதில்லை.

அவர்கள் இயேசு சபை என்ற துறவற சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தை, அதாவது அந்தச் சபையின் நிர்வாகப் பிரிவொன்றைச் சேர்ந்தவர்கள். திருகோணமலை மறைமாவட்டத்தில் முதலில் பணியாற்றியவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்தவர்கள் அவர்களுடைய பணியைத் தொடர்ந்தார்கள். 1947 முதல் 1974 வரை ஆயராக இருந்த இக்னேஷியஸ் கிளென்னி ஆண்டகையும் அந்த மாகாணத்தவரே. அதே மாகாணம் தன் தாயகத்தில் நடத்திய பெரிய கல்வி நிறுவனங்களுள் ஒன்று நியூ ஓர்லியன்ஸ் நகரின் லொயோலா பல்கலைக்கழகம். நம்மிடம் வந்த சுவாமிமார் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியில் ஆடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களை அனுப்பிய வீட்டில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது, அந்த அணிக்கு ஒரு வரலாறு உண்டு என்பதே நான் சொல்ல விரும்புவது. அந்த வரலாற்றில் ஒரு பெரிய வெற்றியும், ஒரு பெரிய அநீதியும், பத்தொன்பது ஆண்டுகால மௌனமும், பிறகு ஒரு மீட்சியும் இருக்கின்றன. கூடைப்பந்தை நேசிக்கும் ஊர் என்ற வகையில் நாம் அதை அறிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கூடைப்பந்து 1891 டிசம்பரில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக அவர் இரண்டு பீச் பழக் கூடைகளை மாடத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி வைத்தார். நான்கு ஆண்டுகளுக்குள் அந்த விளையாட்டு தெற்கே நியூ ஓர்லியன்ஸ் வரை வந்துவிட்டது. பெண்களுக்கான கூடைப்பந்து விதிகளை 1895 இல் முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டவர் அந்நகரின் நியூகோம்ப் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த கிளாரா பேயர் என்ற பெண்மணி. அவர் எழுதிய விதிகளின்படி ஒவ்வொரு வீராங்கனையும் தனக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள் மட்டுமே நிற்க வேண்டும். நெய்ஸ்மித் அனுப்பிய வரைபடத்தில் இருந்த கோடுகளை அவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டதே இதற்குக் காரணம் என்று சொல்வார்கள். ஆண்கள் அணியைப் பற்றிய கட்டுரை இது என்றாலும், அந்த நகரத்தின் கூடைப்பந்து ஒரு பெண்ணின் கையிலிருந்தும் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

லொயோலா 1904 இல் கல்லூரியாகத் தொடங்கி 1912 இல் பல்கலைக்கழகமானது. புனித சார்ள்ஸ் அவெனியூ என்ற நீண்ட வீதியில், டிராம் வண்டி ஓடும் பாதையோரத்தில், ஓடுபன் பூங்காவுக்கு எதிரே அது இருக்கிறது. அதன் அணிகளை ஓநாய்க் கூட்டம் என்று அழைப்பார்கள்; இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் குடும்பச் சின்னத்தில் ஒரு சட்டியின் இருபுறமும் இரண்டு ஓநாய்கள் நிற்பதே அந்தப் பெயருக்கு மூலம். ஆரம்ப காலத்தில் அமெரிக்கக் கால்பந்தும் ஓட்டப் போட்டிகளுமே அங்கே பெரிதாக இருந்தன. 1932 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 4x100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்க நால்வரில் ஒருவரான எமெட் டொப்பினோ லொயோலாவின் மாணவர். 1939 உடன் கால்பந்து அணி நிறுத்தப்பட்டதும் மாணவர்களின் ஆர்வம் கூடைப்பந்தின் பக்கம் திரும்பியது.

இனி 1945 ஆம் ஆண்டுக்கு வருவோம். சிறிய கல்லூரிகளுக்கான தேசியச் சுற்றுப்போட்டி ஒன்று 1937 முதல் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில் நடந்து வந்தது. எமில் லிஸ்டன் என்ற கல்லூரிப் பயிற்றுவிப்பாளர் அதை ஒழுங்கு செய்தார். முதுமையில் இருந்த நெய்ஸ்மித்தும் அதற்குத் துணை நின்றார். நெய்ஸ்மித் 1939 இல் காலமானார். போர் காரணமாக 1944 இல் போட்டி நடக்கவில்லை. போர் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1945 மார்ச்சில், மாநகர மண்டபத்தில் மீண்டும் போட்டி கூடியபோது, ஜாக் ஓர்ஸ்லியின் பயிற்சியில் சென்ற லொயோலா அணி இறுதியாட்டத்தில் கலிபோர்னியாவின் பெப்பர்டைன் கல்லூரியை 49க்கு 36 என்ற புள்ளிகளில் வென்று தேசியச் சம்பியனாயிற்று.

இன்று ஓர் அணி ஒரு பாதியிலேயே எடுத்துவிடும் புள்ளிகளை அன்று முழு ஆட்டத்திலும் எடுத்ததைப் பார்த்து அவர்களைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. அன்று பந்தை இத்தனை வினாடிக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அந்த விதி 1985 இல்தான் பொதுவாக்கப்பட்டது. தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதி அதற்கும் அடுத்த பருவத்தில் வந்தது. எனவே முன்னிலை பெற்ற அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பதின்மூன்று புள்ளி வித்தியாசம் என்பது எதிரணிக்கு மூச்சுவிட இடம் கொடுக்காத வெற்றி. வளையத்தின் கீழே உறுதியாக நின்று, பொறுமையாகப் பந்தைக் கைமாற்றி, கிடைத்த நல்ல வாய்ப்பை மட்டும் எறியும் ஆட்டத்தையே இன்றும் நான் உயர்வாக மதிக்கிறேன்.

அந்த அணியின் நட்சத்திரம் லீரோய் ஷோலே. நியூ ஓர்லியன்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர், மாணவர்களின் கொண்டாட்டத்துக்குரியவர். அடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை. லூசியானாவில் அக்காலத்தில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம், தனித்தனிப் பேருந்து இருக்கை, தனித்தனித் தண்ணீர்க் குழாய் என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது. ஷோலேயின் மூதாதையரில் கறுப்பினத்தவர் உண்டு என்ற செய்தி வெளியே தெரியவந்தது. அவர் நிறத்தில் வெள்ளையராகவே தெரிந்தார், வெள்ளையராகவே வளர்ந்தார். அந்தச் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் அதெல்லாம் கணக்கில்லை. தேசியக் கிண்ணத்தை வென்று கொடுத்தவர் தன் பல்கலைக்கழகத்தையும் தன் நகரத்தையும் விட்டு வடக்கே போக நேர்ந்தது. நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த கனீசியஸ் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அதுவும் இயேசு சபையின் கல்லூரிதான். தெற்கே ஓர் இயேசு சபை நிறுவனத்தில் இடமற்றுப் போனவருக்கு வடக்கே இன்னோர் இயேசு சபை நிறுவனம் இடம் கொடுத்தது.

1949 இல் ஷோலே சிரக்கியூஸ் நேஷனல்ஸ் அணியில் சேர்ந்து, அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.யில் இரண்டு பருவங்கள் ஆடினார். என்.பி.ஏ. ஆட்டமொன்றில் இறங்கிய முதல் கறுப்பின வீரர் என்று வரலாறு பதிவு செய்திருப்பது ஏர்ல் லொயிட் என்பவரை. அவர் இறங்கிய நாள் 1950 ஒக்டோபர் 31. ஷோலே அதற்கு முந்திய பருவத்திலேயே ஆடிவிட்டார். ஆகவே முதல்வர் என்ற பெருமை ஷோலேக்கு உரியதா என்று விவாதிப்போர் உண்டு. அந்த விவாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. தன்னை எப்படி அழைத்துக்கொள்வது என்பதை அந்த மனிதருக்கே விட்டுவைக்காத ஒரு சமூகம், அவர் இறந்த பிறகும் அவரை ஏதோ ஒரு பட்டியலில் அடைக்கப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1945 இன் வெற்றியைப் பேசும்போதெல்லாம் அவருடைய வெளியேற்றத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது மட்டும் என் உறுதியான எண்ணம்.

லொயோலா 1945 இல் வென்ற அந்தச் சுற்றுப்போட்டியின் விதியிலேயே அப்போது கறுப்பின வீரர்களுக்குத் தடை இருந்தது. 1947 இல் இந்தியானா மாநிலக் கல்லூரியின் பயிற்றுவிப்பாளராக இருந்த ஜோன் வூடன், தன் அணியின் கிளரன்ஸ் வோக்கர் என்ற கறுப்பின மாணவரை அழைத்து வரக் கூடாது என்று சொல்லப்பட்டபோது, அழைப்பையே ஏற்க மறுத்துவிட்டார். மறு ஆண்டு தடை நீங்கியது. வோக்கர் 1948 இல் கன்சாஸ் நகரில் ஆடினார். பிற்காலத்தில் கலிபோர்னியாவில் பத்துத் தேசியப் பட்டங்களை வென்ற அதே வூடன்தான் இவர். பத்துப் பட்டங்களைவிட அந்த மறுப்பையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

நம் சுவாமிமார் கப்பலேறி வந்ததும் இந்த ஆண்டுகளில்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த யூஜின் ஹெர்பட் சுவாமி 1948 இல் இலங்கைக்கு வந்தார். அவர் பிறந்த மாநிலத்தில் ஒரே வளையத்தின் கீழ் ஒன்றாக நிற்க முடியாத இரு இனத்தார் இருந்தார்கள். அவர் வந்து சேர்ந்த திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தமிழ்ப் பிள்ளைகளும், முஸ்லிம் பிள்ளைகளும், பறங்கியர் பிள்ளைகளும் ஒரே பந்துக்கு ஓடினார்கள். அந்த வேறுபாட்டை அவர் எப்படி உணர்ந்தார் என்று நான் கற்பனை செய்து எழுதப் போவதில்லை. தாயகத்து நிறுவனம் தயங்கி நின்ற காலத்தில், கடல் கடந்து வந்தவர்கள் எல்லாரையும் சேர்த்து அணி கட்டினார்கள் என்ற உண்மை எழுதி வைக்கப்பட வேண்டியது.

நியூ ஓர்லியன்ஸிலும் எல்லாரும் வாய்மூடி இருக்கவில்லை. லொயோலாவிலேயே பணியாற்றிய லூயிஸ் டூமி, ஜோசப் ஃபிக்டர் ஆகிய இரண்டு இயேசு சபைக் குருக்கள் இனப்பிரிவினையை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார்கள், வகுப்பெடுத்தார்கள், இரு இனத்து மாணவர்களையும் ஒன்றாக அமர வைத்தார்கள். 1952 இல் நோர்மன் பிரான்சிஸ் என்ற கறுப்பின இளைஞர் லொயோலாவின் சட்டக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னாளில் அதே நகரத்தின் சேவியர் பல்கலைக்கழகத்தை 1968 முதல் 2015 வரை தலைமை ஏற்று நடத்தியவர் அவர். ஆனால் கூடைப்பந்து அணியில் மாற்றம் வர இன்னும் காலம் எடுத்தது.

1950 களில் லொயோலா அணி உயர்ந்த நிலையில் இருந்தது. 1954 இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய உள்ளரங்கு ஒன்று வளாகத்தில் திறக்கப்பட்டது. ஜிம் மக்காஃபர்ட்டியின் பயிற்சிக் காலத்தில் 1954 இலும் 1957 இலும், அவர் சென்ற பிறகு 1958 இலும் பெரிய கல்லூரிகளின் தேசியச் சுற்றுப்போட்டிக்கு லொயோலா தகுதி பெற்றது. மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது.

அந்த உள்ளரங்கில் நடந்த ஆட்டங்களுள் என் மனத்தை விட்டு அகலாதது 1955 டிசம்பரில் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி அங்கே ஆட வந்தது. அதுவும் இயேசு சபையின் பல்கலைக்கழகம். அப்போது அது நடப்புச் சம்பியன். தொடர்ந்து அறுபது ஆட்டங்களில் தோல்வியே காணாத அந்தப் புகழ்பெற்ற ஓட்டத்தின் நடுவில் இருந்தது. பயிற்றுவிப்பாளர் ஃபில் வூல்பெர்ட், அக்காலத்தில் வேறெந்தப் பெரிய கல்லூரியும் துணியாத விதத்தில் மூன்று கறுப்பின வீரர்களை முதல் ஐவரில் இறக்கிச் சம்பியன் பட்டத்தை வென்றிருந்தார். அவர்களில் இருவர் பில் ரசலும் கே. சி. ஜோன்ஸும். ரசல் பின்னாளில் பொஸ்டன் அணியுடன் பதினொரு என்.பி.ஏ. பட்டங்களை வென்றார். விடுதியில் தங்க இடம் தராத, உணவகத்தில் உடன் அமர விடாத ஒரு நகரத்துக்கு அந்த அணி வந்து, வெள்ளையர் மட்டுமே கொண்ட லொயோலாவுடன் ஆடி வென்றது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஷோலேயை வெளியே போக வைத்த அதே வளாகத்தில், ரசல் பந்தை வளையத்தின் விளிம்பிலிருந்து தட்டி விடுவதைப் பார்க்க மக்கள் காசு கொடுத்து வந்தார்கள். அந்தப் பருவத்தை சான் பிரான்சிஸ்கோ இருபத்தொன்பது ஆட்டங்களில் இருபத்தொன்பதையும் வென்று முடித்தது.

அந்த ஆட்டத்தால் கதவு திறந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்தது அதற்கு மாறு. 1956 ஜூலையில் லூசியானாச் சட்டமன்றம், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக விளையாடுவதையே தடைசெய்து சட்டம் இயற்றியது. பார்வையாளர் இருக்கைகளையும் கழிப்பறைகளையும்கூடத் தனித்தனியாக வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். விளைவாக, வடபுலத்துக் கல்லூரிகள் சில லூசியானாவுக்கு வந்து ஆட மறுத்தன. லொயோலா போன்ற அணிக்கு இது கல்வியிலும் மனச்சாட்சியிலும் மட்டுமல்ல, ஆட்டத்திலும் இழப்பு. தன்னைவிடச் சிறந்தவர்களுடன் மோதினால்தான் ஓர் அணி வளரும், அவர்கள் வர மறுத்தால் வளர்ச்சி நின்றுவிடும். ஜோசப் டோர்சி என்ற கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் தொடுத்த வழக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாகி, 1959 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பல்கலைக்கழகங்கள் வாதாடிப் பெறாத நீதியைத் தனி ஒரு விளையாட்டு வீரர் பெற்றுக் கொடுத்தார்.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். நம் ஊரில் பழைய மாணவர்கள் சிலர் லொயோலா என்றதும் 1963 இன் அமெரிக்கச் சம்பியன் என்று சொல்வார்கள். அது சிகாகோவின் லொயோலா. அதுவும் இயேசு சபையினுடையதே, ஆனால் வேறு மாகாணம், வேறு அணி. ஜோர்ஜ் அயர்லண்டின் பயிற்சியில், ஜெரி ஹார்க்னெஸ் தலைமையில், முதல் ஐவரில் நான்கு கறுப்பின வீரர்களுடன் ஆடிய அணி அது. கறுப்பினத்தவர் ஆடும் அணியுடன் ஆடக் கூடாது என்று தடுக்கப்பட்ட மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெள்ளை இன வீரர்கள், நீதிமன்ற ஆணை கையில் வருமுன் மாநிலத்தை விட்டு மறைவாக வெளியேறி வந்து, 1963 மார்ச் 15 ஆம் திகதி அந்த அணியுடன் ஆடினார்கள். சிகாகோ 61க்கு 51 என்று வென்றது. இறுதியாட்டத்தில் சின்சினாட்டியை மேலதிக நேரத்தில் 60க்கு 58 என்று வென்று பட்டத்தையும் எடுத்தது.

நியூ ஓர்லியன்ஸ் லொயோலாவின் 1960 கள் மங்கலானவை. பெரிய அரச பல்கலைக்கழகங்கள் விளையாட்டில் பெருந்தொகை செலவிடத் தொடங்கியபோது, ஒரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1972 இல் நிர்வாகம் செலவைக் காரணம் காட்டி எல்லா விளையாட்டு அணிகளையும் கலைத்துவிட்டது. தேசியச் சம்பியனாக இருந்த அணி ஒரு முடிவினால் இல்லாமல் போயிற்று.

லொயோலாவின் அந்த உள்ளரங்கின் கதை தனிச் சோகம். ஏ.பி.ஏ. என்ற தொழில்முறைத் தொடரின் நியூ ஓர்லியன்ஸ் பக்கனியர்ஸ் அணி 1967 முதல் அங்கேதான் ஆடிற்று. 1968 இல் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்று பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது. லொயோலாவின் சொந்த அணி கலைக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளில், 1974 இல், நகரத்துக்கு என்.பி.ஏ. வந்தது. பீட் மராவிச் ஆடிய நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் அணி தன் முதல் பருவத்து ஆட்டங்கள் சிலவற்றை லொயோலாவின் அரங்கில் நடத்தியது. ஆடுதளம் நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருந்ததால், வீரர்கள் விளிம்பிலிருந்து கீழே விழுந்துவிடாமல் சுற்றிலும் வலை கட்ட வேண்டியிருந்தது. உலகின் சிறந்த வீரர்கள் வளாகத்துக்குள் வந்து ஆட, அந்த வளாகத்து மாணவர்கள் ஆட ஓர் அணி இல்லாமல் இருந்தது. 1986 இல் அரங்கும் இடிக்கப்பட்டது.

அணி 1991 இல் மீண்டும் உருவானது. அதை உருவாக்கியவர்கள் மாணவர்கள். விளையாட்டு அணிகள் மீண்டும் வேண்டுமா என்று மாணவரிடையே வாக்கெடுப்பு நடந்தது. அதற்கான செலவுக்குத் தாங்களே கட்டணம் செலுத்துகிறோம் என்று அவர்கள் வாக்களித்தார்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு போட்டியிலும் ஆடப் போகாதவர்களாகவே இருந்திருப்பார்கள். தாம் ஆடாத அணிக்குத் தம் கையிலிருந்து கொடுத்தவர்கள் அவர்கள். சான் பிரான்சிஸ்கோவிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. ரசல் ஆடிய அதே அணியை, விதிமீறல்கள் தொடர்ந்ததால், 1982 இல் பல்கலைக்கழகத் தலைவர் லோ ஸ்கியாவோ சுவாமியே நிறுத்தினார். 1985 இல் அது திரும்பி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் நிறுத்தியதற்கு ஒழுக்கம் காரணம், நியூ ஓர்லியன்ஸில் பணம் காரணம். முன்னையதை நான் மதிக்கிறேன். பின்னையதை விளங்கிக்கொள்கிறேன், ஏற்கவில்லை.

திரும்பி வந்த லொயோலா சிறிய கல்லூரிகளின் சங்கத்திலேயே, அதாவது 1945 இல் வென்ற சுற்றுப்போட்டியை நடத்தும் அதே சங்கத்திலேயே, சேர்ந்தது. 2005 ஓகஸ்ட் 29 ஆம் திகதி கத்ரீனாச் சூறாவளி நியூ ஓர்லியன்ஸைத் தாக்கியது. அணைகள் உடைந்து நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. பல்கலைக்கழகம் அந்தத் தவணை முழுவதும் மூடப்பட்டு 2006 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. 1978 இன் சூறாவளியையும் 2004 இன் கடற்கோளையும் கண்ட நமக்கு, மாணவர்கள் திசைக்கொருவராகச் சிதறிய ஒரு வளாகம் மீண்டும் ஓர் அணியைச் சேர்ப்பது எத்தகைய காரியம் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2021-22 பருவத்தில் ஸ்டேசி ஹொலோவெல்லின் பயிற்சியில் லொயோலா முப்பத்தேழு ஆட்டங்களை வென்றது. தோற்றது ஒன்றே ஒன்றில். சாக் ரைட்சில் அந்தச் சங்கத்தின் நாடளாவிய சிறந்த வீரராகத் தெரிவானார். மைல்ஸ் பேர்ன்ஸ் எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதில் ஈடிணையற்றவராக இருந்தார். 2022 மார்ச்சில் அதே கன்சாஸ் நகரில், அதே மாநகர மண்டபத்தில், எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு லொயோலா இறுதியாட்டத்தில் நின்றது. எதிரே நின்றது அலபாமாவின் டலடேகா கல்லூரி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1867 இல் தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி அது. 1945 இல் அந்தக் கல்லூரியின் அணி இந்த மண்டபத்தில் கால்வைத்திருக்க முடியாது. லொயோலாவின் 2022 அணியில் ஆடியவர்களிலும் பெரும்பாலோருக்கு அன்று இடம் இருந்திருக்காது. லொயோலா 71க்கு 56 என்று வென்றது. பிறகு ரைட்சில் மார்க்கெட் பல்கலைக்கழகத்துக்கும் பேர்ன்ஸ் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று பெரிய அணிகளில் ஆடினார்கள்.

இவ்வளவையும் ஒரு வெளியூர்க்காரன் மட்டக்களப்பில் இருந்துகொண்டு எழுத முடிகிறது என்றால், அங்கே யாரோ புள்ளிகளையும் பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதி வைத்ததனால்தான். அணி இல்லாத ஆண்டுகளிலும் பழைய கிண்ணத்தின் கதையைக் காத்தார்கள். காலம் தாழ்த்தியேனும் ஷோலேயின் கதையையும் சேர்த்து எழுதினார்கள்.

நமக்கு வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபர் முதலாம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகமானது. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணியில் மிக்கேல் கல்லூரியின் பிள்ளைகள் ஆடினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள் ஆடினார்கள். ஆனால் போரின் நடுவில் 1990 ஐ அந்த வளாகம் எப்படிக் கடந்தது என்பது நமக்குத் தெரியும். அந்த ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்த ஹெர்பட் சுவாமியும் அவருடன் வந்த இளைஞரும் ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமல் போனார்கள். இன்று வரை அவர்கள் திரும்பவில்லை. அடுத்த மாதம் 5 ஆம் திகதி, வந்தாறுமூலை வளாகத்தில் அடைக்கலம் தேடியிருந்த மக்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களும் திரும்பவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் எந்த ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை என்று குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த வீரர்கள் இருக்கிறார்கள். முதல் பிரிவுகளில் படித்தவர்கள் இப்போது ஓய்வுபெற்ற அதிகாரிகளாக, அதிபர்களாக, விரிவுரையாளர்களாக மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கொழும்பிலும், கடல் கடந்தும் வாழ்கிறார்கள். முதல் அணியில் இருந்தவர்கள் யார், எந்தத் தளத்தில் பயிற்சி எடுத்தார்கள், பந்தை யார் வாங்கிக் கொடுத்தது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விளையாட்டு விழாவுக்கு எந்தச் சோதனைச் சாவடிகளைக் கடந்து எப்படிப் போனார்கள், எந்த ஆண்டுகளில் அணியே இறங்கவில்லை, அதை மீண்டும் சேர்த்தவர் யார் என்பவற்றை அவர்களால் மட்டுமே சொல்ல முடியும். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பழைய வீரர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் அணியில் ஆடிய எவரேனும் இதைப் படித்தால், பெயர், ஆண்டு, எதிரணி, புள்ளி ஆகிய நான்கையும் நினைவில் உள்ள அளவுக்கு முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய படம் இருந்தால் அதன் பின்புறத்தில், நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக இன்றே எழுதி வையுங்கள்.